வழிகாட்டியைத் தேடிப் போகும் மாணவருக்கு

"மேடம், எனக்கு ஒரு மென்டர் வேண்டும், யாரையாவது சொல்லுங்களேன்" என்று ஒவ்வோர் ஆண்டும் சில மாணவர்கள் வந்து நிற்பார்கள். அரசுக் கலைக் கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலானோர் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கிக் கல்லூரியில் சேர்ந்தவர்கள். எந்த நுழைவுத் தேர்வுக்கு எப்போது விண்ணப்பிப்பது, ஆய்வுப் படிப்பு என்றால் என்ன, எம்.எஸ்ஸி. முடித்தால் என்ன வழி என்று கேட்பதற்கு வீட்டில் அத்தையோ சித்தப்பாவோ கிடையாது. படித்த குடும்பத்துப் பிள்ளையின் காதில் சாப்பிடும்போதே விழுந்துவிடுகிற செய்திகளை இவர்கள் தேடிப்போய்த்தான் பெற வேண்டியிருக்கிறது. அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். அறிவியல் மாணவர்களோடுதான் எனக்குப் பழக்கம் என்பதால் எடுத்துக்காட்டுகள் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும். மற்றத் துறை மாணவர்களும் தங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் ஒரு சின்ன வேலை

நான் இளங்கலை இரண்டாம் ஆண்டு படித்தபோது, இணையதளங்களில் கிடைத்த பேராசிரியர் முகவரிகளுக்கெல்லாம் ஒரே மின்னஞ்சலை அனுப்பினேன். "தாவரவியலில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு. தங்கள் வழிகாட்டுதலில் ஆய்வு செய்ய விரும்புகிறேன்." இருபது பேருக்கு மேல் இருக்கும். ஒருவரும் பதில் போடவில்லை. பெரிய இடத்து ஆட்கள் நம்மை மதிக்கமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இன்று அதே மாதிரிக் கடிதங்கள் எனக்கு வருகின்றன. படித்துப் பார்த்தால், பதில் சொல்வதற்கு அதில் எதுவுமே இருப்பதில்லை. எனக்கு ஆர்வம் உண்டு என்று ஒருவர் சொன்னால், நல்லது என்பதற்கு மேல் என்ன எழுதுவது?

எங்கள் கல்லூரி வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை புங்க மரங்கள் இருந்தன. புங்க இலையில் விரல் விரலாக முடிச்சுகள் துருத்திக்கொண்டிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தென்னையைத் தாக்குகிற ஈரியோபைட் சிலந்திப் பேன் இருக்கிறதல்லவா, அதே குடும்பத்தைச் சேர்ந்த, வெறும் கண்ணுக்குத் தெரியாத சிலந்திப் பேன் ஒன்று செய்கிற வேலை அது. மூன்றாம் ஆண்டில் நான் 12 மரங்களை எடுத்துக்கொண்டு, மரத்துக்கு 50 இலை வீதம் எத்தனை இலையில் முடிச்சு இருக்கிறது என்று மூன்று வாரம் நோட்டில் குறித்தேன். சாலைப் பக்கக் கிளைகளில் ஒரு கணக்கு வந்தது, மதில் பக்கக் கிளைகளில் வேறு கணக்கு. தாவர முடிச்சுகளைப் பற்றிக் கட்டுரை எழுதியிருந்த ஓர் ஆய்வாளருக்கு அந்த அட்டவணையை அனுப்பி, "நான் இலைகளைத் தேர்ந்தெடுத்த முறை சரியா?" என்று மட்டும் கேட்டேன். இரண்டே நாளில் பதில் வந்தது. முறை சரியில்லை என்றுதான் எழுதியிருந்தார். கைக்கு எட்டிய கிளையை மட்டும் எண்ணியிருக்கிறாய், முற்றிய இலையையும் தளிரையும் ஒன்றாகப் போட்டிருக்கிறாய் என்று ஆறு வரி. அந்த அம்மாதான் பிறகு எனக்குப் பல ஆண்டுகள் வழிகாட்டியாக இருந்தார்.

அதனால் ஆளைத் தேடுவதற்கு முன் ஒரு மாதம் ஒதுக்கி, கையில் காட்டுகிற மாதிரி ஏதாவது செய்யுங்கள். கணினி படிப்பவர் என்றால், நீங்கள் தினம் பயன்படுத்துகிற, யாரும் நிரலைப் பார்த்துத் திருத்தக்கூடிய கட்டற்ற மென்பொருள் ஒன்றில் ஒரு சிறு பிழையைச் சரிசெய்து பாருங்கள். அதன் தமிழ் மொழிபெயர்ப்பில் விடுபட்டதை நிரப்பினாலும் சரி. வரலாறு என்றால் உங்கள் ஊர்க் கோயில் கல்வெட்டு தொல்லியல் துறையின் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளில் இருக்கிறதா என்று பார்த்து, அச்சில் உள்ள பாடத்தையும் கல்லில் இன்று மிஞ்சியிருப்பதையும் வரிவரியாக ஒப்பிடலாம். தமிழ் இலக்கிய மாணவர் தன் பாட்டியிடம் உட்கார்ந்து நெசவுச் சொற்களையோ மீன்பிடிச் சொற்களையோ நூறு சேர்த்தால் அதுவே நல்ல தொடக்கம். வணிகவியல் மாணவர் தெருமுனைப் பெட்டிக்கடையின் ஒரு மாத வரவுசெலவைக் கடைக்காரர் அனுமதியோடு எழுதிப் பார்க்கலாம். வேலை தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. தப்பு இருந்தால்தான் அனுபவம் உள்ளவர் திருத்துவார், பேச்சும் அங்கேதான் தொடங்கும்.

இன்னொன்று: உங்களுக்கு என்ன தேவை என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பாடத்தில் சந்தேகம் தீர வேண்டுமா, மேற்படிப்புக்கு வழி தெரிய வேண்டுமா, புராஜெக்டுக்குக் கைடு வேண்டுமா, வேலைக்குத் தயாராக வேண்டுமா? நான்கும் ஒருவரிடமே கிடைக்காது. கிடைக்கும் என்று நம்பித் தேடுவதால்தான் பலருக்கு யாருமே அமைவதில்லை.

யாரிடம் போவது

கணிதமேதை கும்பகோணத்து ராமானுஜன் கதையில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டி வருவது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளைத்தான் மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். கல்லூரித் தேர்வில் தோற்றுப்போன இளைஞராக, கணக்கு நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே துணை ஆட்சியராக இருந்த வி. ராமசாமி ஐயர்தான் இந்தியக் கணிதக் கழகத்தை 1907-ல் தொடங்கியவர். ராமானுஜன் கேட்டது குமாஸ்தா வேலை. ராமசாமி ஐயரோ நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இவரை இங்கே வருவாய்த் துறையில் முடக்கக்கூடாது என்று சென்னையில் உள்ள கணித நண்பர்களிடம் அனுப்பிவைத்தார். கும்பகோணத்தில் முன்பு பாடம் எடுத்த சேஷு ஐயர் அப்போது சென்னை மாநிலக் கல்லூரியில் இருந்தார். நெல்லூர் ஆட்சியர் ராமச்சந்திர ராவிடம் போகச் சொன்னவர் அவர்தான். ராவ் சில காலம் மாதப்பணம் கொடுத்தார். 1912-ல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் வேலை கிடைத்தபோது அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயரும் கணிதம் அறிந்தவர். இவ்வளவு பேர் கை கொடுத்த பிறகுதான் ஹார்டிக்கு எழுதிய 1913 ஜனவரி 16-ம் தேதிக் கடிதம் கேம்பிரிட்ஜுக்குப் போனது.

ஆகவே, தூரத்தில் இருக்கிற பெரிய பெயரிலிருந்து தொடங்காதீர்கள். உங்கள் துறையில் வகுப்பு முடிந்த பிறகும் மாணவர்களோடு நின்று பேசுகிற ஆசிரியர் ஒருவராவது இருப்பார். அவரிடம் முதலில் போங்கள். அவருக்கு உங்கள் தலைப்பு தெரியாவிட்டாலும், தெரிந்தவரைத் தெரிந்திருக்கும். உங்கள் கல்லூரியில் படித்து இப்போது வேறு பல்கலைக்கழகத்தில் இருக்கிற அண்ணன், அக்காக்களின் பட்டியலைத் துறை அலுவலகத்திலோ ஆசிரியரிடமோ கேளுங்கள். இரண்டு வருடம் முன்னால் அதே பாதையில் போனவர் சொல்கிற யோசனை, இருபது வருட அனுபவக்காரர் சொல்வதைவிடப் பல சமயம் நேரடியாகக் கைகொடுக்கும். எந்தப் படிவத்தில் எந்தச் சான்றிதழ் கேட்டார்கள் என்பதுவரை அவருக்கு நினைவிருக்கும்.

வெளி ஆய்வகங்களைப் பொறுத்தவரை, பேராசிரியரைவிட அவரிடம் முனைவர் பட்டம் செய்கிற ஆய்வு மாணவர்களை அணுகுங்கள் என்றே சொல்வேன். பல்கலைக்கழக மானியக் குழு விதிப்படி ஒரு பேராசிரியரிடம் ஒரே நேரத்தில் 8 முனைவர் பட்ட மாணவர்கள் வரை இருக்கலாம், இணைப் பேராசிரியரிடம் 6 பேர், உதவிப் பேராசிரியரிடம் 4 பேர். அதற்கு மேல் வகுப்பு, தேர்வுத்தாள், குழுக் கூட்டங்கள். கருவியைத் தொட்டுக் காட்டிச் சொல்லித்தர நேரம் இருப்பது ஆய்வு மாணவருக்குத்தான். ஆய்வுக் கட்டுரையில் முதலாவதாக வரும் பெயர் பெரும்பாலும் அவருடையதாக இருக்கும். கடிதத் தொடர்புக்கு உரியவர் என்று குறியிட்ட பெயருக்குப் பக்கத்தில் மின்னஞ்சல் முகவரியும் இருக்கும். கூகுள் ஸ்காலரில் உங்கள் தலைப்பைப் போட்டுத் தேடி, கடந்த மூன்று ஆண்டுக் கட்டுரைகளை மட்டும் பாருங்கள். பழைய கட்டுரை என்றால் ஆள் வேறு இடத்துக்குப் போயிருக்கலாம், வேறு தலைப்புக்கும் மாறியிருக்கலாம்.

வழிகாட்டியைத் திட்டமே சேர்த்துத் தருகிற வாய்ப்புகளும் உண்டு. இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்கள் (பெங்களூர், டெல்லி, பிரயாக்ராஜ்) சேர்ந்து நடத்துகிற கோடைக்கால ஆய்வு உதவித்தொகைத் திட்டத்தில் மாணவர் ஒரு விஞ்ஞானியோடு இரண்டு மாதம் வேலை செய்யலாம். விண்ணப்பம் அதற்கு முந்தைய ஆண்டின் பிற்பகுதியிலேயே வந்துவிடும். ஏப்ரலில் வந்து என்னிடம் கேட்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் வருத்தத்தோடு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்களே எழுதிய சிறு குறிப்பும் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் கேட்பார்கள். சென்னை ஐஐடியிலும் கோடைக்கால மாணவர் திட்டம் தனியாக இருக்கிறது. இறுதியாண்டு புராஜெக்டுக்குச் செலவு இருந்தால், தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் செயல்திட்ட நிதிக்கு உங்கள் கைடோடு சேர்ந்து விண்ணப்பிக்கலாம்.

கணினிப் பக்கம் வாய்ப்பு இன்னும் திறந்து கிடக்கிறது. 2005 முதல் நடக்கும், கட்டற்ற மென்பொருளில் பங்களிக்க வைக்கிற கூகுள் சம்மர் ஆஃப் கோட் திட்டத்தில் தேர்வாகிறவருக்கு, அந்தந்த மென்பொருள் அமைப்பே வழிகாட்டியைத் தருகிறது. 2022-லிருந்து, 18 வயது நிறைந்த புதியவர்கள் மாணவர்களாக இல்லாவிட்டாலும் சேரலாம். பிப்ரவரி வாக்கில் அமைப்புகளின் பட்டியல் வரும். அதற்கு முன்பே ஓர் அமைப்பின் உரையாடல்களில் கலந்துகொண்டு சிறு திருத்தங்கள் செய்தவருக்கு வாய்ப்பு அதிகம். ஊருக்குள்ளேயே வேண்டுமென்றால் சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன, சென்னையில் பைத்தான் குழு இருக்கிறது. கல்லூரி அடையாள அட்டையோ மதிப்பெண்ணோ கேட்கமாட்டார்கள். போய் உட்காருங்கள், இரண்டாவது முறை போகும்போது ஒரு கேள்வி கேளுங்கள், மூன்றாவது முறை நாற்காலி எடுத்துப் போடுங்கள். அறிவியலில் ஆர்வமுள்ளவர்களுக்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் மாவட்டக் கிளைகளும் இப்படிப்பட்ட இடங்கள்தான்.

கடிதம் எழுதுவது

எனக்கு வரும் கடிதங்களில் திரும்பத் திரும்பப் பார்ப்பவற்றைச் சொல்கிறேன். பெண் பேராசிரியருக்கு "டியர் சார்" என்று எழுதுவது. நாற்பது பேர் முகவரியையும் ஒரே கடிதத்தில் போட்டு அனுப்புவது. எட்டுப் பக்க சுயவிவரத்தை இணைப்பது. அண்மைக்காலமாக இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் எழுதி வாங்கிய வழவழப்பான கடிதம். பத்துக் கடிதம் ஒரே குரலில் வந்தால் பத்தையும் ஒதுக்கிவிடத் தோன்றுகிறது. உங்கள் ஆங்கிலம் தடுமாறினாலும் அது உங்களுடையதாக இருக்கட்டும். எதிரில் இருப்பவருக்குத் தமிழ் தெரியும் என்றால் தமிழிலேயே எழுதுங்கள், யாரும் குறைவாக நினைக்கமாட்டார்கள். ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தால் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதி, உங்கள் ஆசிரியரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

நான் ஒரு மாணவிக்கு மாதிரியாக எழுதிக் காட்டியது இது:

பொருள்: புங்க இலை முடிச்சு, மாதிரி எடுக்கும் முறை பற்றி ஒரு கேள்வி

மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு,

நான் அரசுக் கலைக் கல்லூரியில் இளங்கலைத் தாவரவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இலை முடிச்சுகள் பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். அதில் இலையின் வயதைப் பிரித்துக் கணக்கிட்ட பகுதி எனக்குப் புதிதாக இருந்தது.

கடந்த மாதம் எங்கள் வளாகத்தில் 12 புங்க மரங்களில் மரத்துக்கு 50 இலை எண்ணினேன். அட்டவணையை ஒரு பக்கத்தில் இணைத்துள்ளேன். மேல் கிளைகளை எட்ட முடியவில்லை. கீழ்க் கிளைகளை மட்டும் எண்ணினால் இந்தக் கணக்கு செல்லுமா, வேறு வழி உண்டா என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

நேரம் இல்லையென்றால், தங்கள் ஆய்வு மாணவர் யாரிடமாவது கேட்கலாம் என்றாலும் மகிழ்ச்சி.

நன்றியுடன்,
பெயர், வகுப்பு, கைபேசி எண்

அவ்வளவுதான். கைபேசித் திரையில் ஒரு தடவை தள்ளினால் முடிந்துவிடுகிற நீளம். "எனக்கு வழிகாட்டியாக இருங்கள்" என்ற வரி இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். முன்பின் தெரியாதவரிடம் அது பெரிய பொறுப்பைக் கேட்பது போல. ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல ஐந்து நிமிடம் போதும், ஐந்து நிமிடம் தர மனம் உள்ளவர்கள் நிறையப் பேர். அவர் கட்டுரையைப் படித்தேன் என்று எழுதினால் உண்மையிலேயே படித்திருக்க வேண்டும். முழுவதும் புரியவில்லை என்றால் புரியாத இடத்தையே கேள்வியாக்குங்கள். இணைப்பு ஒன்றே ஒன்று, பிடிஎஃப் கோப்பாக, உங்கள் பெயரிட்டு. வாட்ஸ்அப்பில் முதல் தொடர்பு வேண்டாம். எண்ணை யாரிடமோ வாங்கிக் குரல் பதிவு அனுப்புவதை நிச்சயம் தவிர்த்துவிடுங்கள்.

பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து, அதே மின்னஞ்சலின் தொடர்ச்சியாக இரண்டே வரி எழுதுங்கள். "இதற்கிடையில் ஏணி வைத்து நான்கு மரங்களில் மேல் கிளையையும் எண்ணினேன், அட்டவணையைப் புதுப்பித்திருக்கிறேன்" என்று சொல்ல ஏதாவது இருந்தால் மிக நல்லது. அதற்கும் பதில் இல்லையென்றால் வேறொருவருக்கு எழுதுங்கள். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். ராமானுஜனும் ஹார்டிக்கு எழுதும் முன் கேம்பிரிட்ஜிலேயே பேக்கர், ஹாப்சன் என்ற இரண்டு பேராசிரியர்களுக்கு எழுதி, உதவி எதுவும் கிடைக்காதவர்தான். ஹார்டிக்குப் போன கடிதத்தில் பக்கம் பக்கமாகத் தேற்றங்கள் இருந்தன. பிப்ரவரி 8-ல் ஹார்டி எழுதிய பதிலிலும், நிரூபணங்களை அனுப்புங்கள் என்ற கேள்விதான் முக்கியமாக இருந்தது.

முதல் சந்திப்பும் அதன் மறுநாளும்

வரச் சொல்லிவிட்டார். பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள். நோட்டு, பேனா, மூன்று கேள்வி, உங்கள் வேலையின் ஒரு தாள். குடும்பக் கஷ்டத்தைச் சொல்லித் தொடங்க வேண்டாம். அதை மறைக்கச் சொல்லவில்லை; வேலையைப் பற்றிப் பேசி முடித்த பிறகு, தேவைப்பட்டால் சொல்லலாம். மடிக்கணினி இல்லை, மாலையில் வேலைக்குப் போகிறேன், ஆறு மணிக்குப் பிறகு எங்கள் ஊருக்குப் பேருந்து இல்லை என்பதையெல்லாம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அது தெரியாமல் அவர் கொடுக்கும் வேலை உங்களால் முடியாமல் போய், சோம்பேறி என்று நினைத்துவிடக் கூடாது. புரியாத இடத்தில் தலையாட்டாதீர்கள். "இது எனக்குத் தெரியாது, எதைப் படிக்க வேண்டும்?" என்று கேட்பதற்கு முதல் சந்திப்பைப் போல வசதியான நேரம் பிறகு வராது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது அன்றிரவு நீங்கள் எழுத வேண்டிய மின்னஞ்சல். அவர் சொன்னவற்றில் நீங்கள் புரிந்துகொண்ட மூன்று விஷயம், அடுத்து செய்யப் போவது, எந்தத் தேதிக்குள். ஐந்து வரி. பிறகு அந்தத் தேதியில் செய்ததை அனுப்புங்கள். என் அனுபவத்தில் யோசனை கேட்டுப் போனவர்களில் மிகச் சிலரே, செய்துவிட்டுத் திரும்பி வருகிறார்கள். அப்படி வந்த ஒரு மாணவனுக்காக ஞாயிற்றுக்கிழமை ஆய்வகத்தைத் திறந்துவைத்துக் காத்திருந்திருக்கிறேன். முடிக்க முடியவில்லை என்றாலும் அதே தேதியில் எழுதுங்கள்: "பாதிதான் முடிந்தது, இந்த இடத்தில் நின்றுவிட்டேன்." செய்யாமல் போனதற்கு வெட்கப்பட்டு எழுதாமல் விட்டு, அப்படியே காணாமல் போன நல்ல மாணவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். நாங்கள் கோபித்துக்கொள்வதில்லை. என்ன ஆயிற்றோ என்றுதான் யோசிப்போம்.

சரி, அப்புறம்? மாதம் ஒரு முறை பேசினால் போதும். நாள், பேசியது, அடுத்த வேலை என்று ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்தில் அந்த உறவுக்குப் பெயர் வைக்க வேண்டிய அவசியமே இருக்காது. சொல்கிற எல்லாவற்றையும் கேட்டே தீர வேண்டும் என்றும் இல்லை. உங்கள் சூழலுக்குப் பொருந்தாத யோசனை என்றால் காரணத்தோடு சொல்லுங்கள், நல்ல வழிகாட்டி அதற்கு வருத்தப்படமாட்டார்.

விலகிவிட வேண்டிய இடங்கள்

வழிகாட்டுகிறேன் என்று சொல்லிப் பணம் கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். கட்டுரையில் உங்கள் பெயரைச் சேர்க்க இவ்வளவு, இன்டர்ன்ஷிப் சான்றிதழுக்கு இவ்வளவு என்றால் உடனே நகர்ந்துவிடுங்கள். செய்யாத வேலைக்குப் பெயர் போட்ட கட்டுரை பின்னாளில் நேர்முகத்தில் உங்களையே மாட்டிவிடும். என்னிடம் படித்த ஒரு பெண், அம்மாவின் தோட்டை அடகு வைத்து அப்படி ஒரு சான்றிதழ் வாங்கி வந்தாள். எங்கேயும் அது உதவவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

வழிகாட்டுகிறவர் சொந்த வீட்டு வேலை செய்யச் சொன்னால், சாதி கேட்டால், நேரங்கெட்ட நேரத்தில் தனியாக வரச் சொன்னால், தொடுவது பேசுவது சரியில்லை என்று உங்களுக்குத் தோன்றினால், அங்கே நன்றிக்கடன் என்று எதுவும் கிடையாது. சந்திப்புகளைத் துறையிலோ நூலகத்திலோ பகல் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள், முதல் முறை தோழியோடு போனால் தவறே இல்லை. ஒவ்வொரு கல்லூரியிலும் பாலியல் புகார்களுக்கான உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது சட்டம். பெண்கள் 181 என்ற உதவி எண்ணை அழைக்கலாம், 18 வயது நிறையாதவர்கள் 1098-ஐ அழைக்கலாம். அனுப்பிய செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள். நம்புகிற ஓர் ஆசிரியரிடமாவது அன்றே சொல்லிவிடுங்கள்.

பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது

கடைசி நாளுக்கு மூன்று வாரம் முன்பே கேளுங்கள். எந்தப் படிப்பு, எந்த நிறுவனம், கடைசித் தேதி, கடிதத்தை எங்கே பதிவேற்ற வேண்டும் என்பதோடு, அவரிடம் நீங்கள் செய்த வேலைகளையும் நோட்டைப் பார்த்துத் தேதியோடு அரைப்பக்கம் எழுதிக் கொடுங்கள். "என்னைப் பற்றி நல்லபடியாக எழுத முடியுமா?" என்று நேராகவே கேட்கலாம். தயங்கினால் வேறொருவரிடம் கேட்பது நல்லது. ஒரு வாரம் இருக்கும்போது ஒரு முறை நினைவூட்டுங்கள். முடிவு வந்தவுடன், இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அன்றைக்கே அவருக்குச் சொல்லிவிடுங்கள். கிடைக்கவில்லை என்றால் அடுத்த விண்ணப்பத்துக்கு எந்தக் கதவைத் தட்டலாம் என்று அவரிடமே யோசனை கேட்கலாம்.